சாலை வண்டி மேடேறிய கதை

மிதிவண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சாலையின் சரித்திரத்தையே எழுதி முடித்துவிடுகிறார்கள். நல்ல சாலை வந்தது. வண்டி வேகம் பெற்றது. பந்தயங்கள் பிறந்தன என்று கதை நேராக ஓடிவிடுகிறது. சாலை முடிந்து செம்மண்ணும் சரளைக் கல்லும் தொடங்குகிற இடத்தில் அந்த வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்வியை இன்று நாம் கோலார் தங்கவயலில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குத் தங்கவயல் அந்நியமான ஊர் அன்று. ஒரு வகையில் அது நமக்கெல்லாம் மூத்த ஊர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையைப் பெரிய அளவில் தொடங்கிய நாள் முதல் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர் அங்கே போய்ச் சேர்ந்தனர். மூங்கில் தட்டியால் அடைத்த வீடுகளில் குடியிருந்தனர். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை ரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. பிறகு 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஆயிரக்கணக்கானவர்கள் விடியலுக்கு முன்னே எழுந்து பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய், இரவில் திரும்பும் வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டார்கள். வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வேலைக்காக நாள்தோறும் அந்த ஊரையும் விட்டுப் போகிறார்கள்.

சுரங்கம் போனாலும் அது உண்டாக்கிய நிலம் போகவில்லை. பாறையை இடித்து மாவாக்கி, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய மணல் நூறாண்டுக் காலமாகக் குவிக்கப்பட்டு மலைகளாகவே நிற்கிறது. மக்கள் அவற்றைச் சயனைடு மேடு என்கிறார்கள். அவ்வாறான குவியல்கள் பதின்மூன்று. அவற்றில் அடங்கிய மண் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்று அரசாங்கக் கணக்குச் சொல்கிறது. வெளிறிய நிறம், மழை அறுத்த பள்ளங்கள், உச்சியில் தட்டையான பரப்பு. 2018-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற கன்னடத் திரைப்படம் ஒன்று இங்கே எடுக்கப்பட்டதனால், ஊரைப் பாராதவர்களும் இந்த மேடுகளைப் பார்த்திருப்பார்கள். மேடுகளைச் சுற்றிலும், பழைய தண்டவாளங்களின் ஓரத்திலும், மூடிய சுரங்க வாய்களுக்கு அப்பாலும் செம்மண் தடங்கள் பல திசைகளில் பிரிந்து போகின்றன. தார்ச்சாலைக்கென்று செய்த பந்தய வண்டி இந்தத் தடங்களில் நூறு கஜம் போவதற்குள் தடுமாறும்.

இதே போன்ற நிலத்தில் மிதிவண்டியை ஓட்டுவது ஐரோப்பாவில் ஒரு பெரிய பந்தயமாகவே வளர்ந்திருக்கிறது. அதற்குச் சைக்ளோகிராஸ் என்று பெயர். சேறு, புல்வெளி, காட்டுப்பாதை, படிக்கட்டு, குறுக்கே வைத்த மரத்தடை இவற்றையெல்லாம் தாண்டி, ஒரே வட்டப்பாதையைப் பலமுறை சுற்றிவருவது அதன் முறை. ஓட்ட முடியாத இடம் வந்தால் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். நம் ஊரில் வாய்க்கால் வரப்பைக் கடக்கும்போது சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்ட எவருக்கும் இதில் புதுமை ஒன்றும் தோன்றாது.

இந்தப் பந்தயத்தின் பிறப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் டானியல் கூஸோ என்ற இராணுவ வீரரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அவருடைய முயற்சியால் 1902-இல் பிரான்சின் முதல் தேசியப் பந்தயம் நடந்தது. ஒக்தாவ் லாப்பீஸ் என்பவர் 1907-இல் அந்தப் பட்டத்தை வென்று, 1910-இல் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் மாபெரும் சாலைப் பந்தயத்தையும் வென்றார். குளிர்காலத்தில் சேற்றில் பழகியதே தமக்கு வலுவளித்தது என்று அவர் கருதியதாகச் சொல்வர். அதன் பிறகுதான் சாலை வீரர்கள் பலரும் இதன்மேல் கண் வைத்தார்கள். 1950-இல் பாரிஸ் நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்ற ழான் ரோபிக்கும் சாலை வீரரே. மூன்றாண்டுகளுக்கு முன் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்றவர் அவர். பின்னர் பெல்ஜியம் நாட்டு எரிக் தெ விளாமிங்க் ஏழுமுறை உலகப் பட்டம் பெற்றார்.

இவர்கள் ஏறிய வண்டி எது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. சைக்ளோகிராஸுக்கென்று தனி வண்டி நெடுங்காலம் கிடையாது. சாலைப் பந்தயத்தில் ஒரு பருவம் உழைத்துத் தேய்ந்த எஃகு வண்டிதான், மழைக்காலம் வந்ததும் பட்டறைக்குப் போய் வேறு சக்கரமும் வேறு பிரேக்கும் பெற்றுச் சேற்றில் இறங்கியது. பழைய வண்டியை மாற்றிக்கொள்வது இந்தப் பந்தயத்தின் ஓரத்தில் நடந்த சிக்கன வேலை அன்று. பந்தயமே அதிலிருந்துதான் எழுந்தது.

விளையாட்டை விட்டுப் போர்க்களத்துக்கு வந்தாலும் இதே கதைதான். 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படை சைக்கிள்களில் ஏறி ரப்பர்த் தோட்டப் பாதைகள் வழியே தெற்கு நோக்கி விரைந்தது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். டயர் வெடித்துப்போனபோது அவ்வீரர்கள் வெறும் ரிம்மின் மேலேயே வண்டியை ஓட்டினார்கள். 1954-இல் வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டையை முற்றுகையிட்டவர்களுக்கு அரிசியும் குண்டும் சைக்கிளில்தான் மலையேறின. அவற்றுள் பிரான்சு நாட்டில் செய்த பெஜோ வண்டிகளும் இருந்தன. கைப்பிடியில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டி, இருக்கைக் குழாயில் இன்னொரு மூங்கிலைச் செருகி, ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு வண்டியும் 200 கிலோவுக்கு மேல் சுமந்தது. பிரெஞ்சு வண்டியைக் கொண்டே பிரெஞ்சுக் கோட்டையை வீழ்த்தினார்கள் என்பது சரித்திரத்தின் குறும்பு. தொழிற்சாலையில் வண்டியை வரைந்தவர் இதையெல்லாம் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

நிற்க. நம் நாட்டில் எஃகு வண்டி எவ்வாறு பரவியது என்பதையும் சிறிது பார்க்க வேண்டும். விடுதலைக்கு முன் ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாம் சிற்றாயுதக் கம்பெனி என்பதன் சுருக்கம். துப்பாக்கி செய்தவர்கள் சைக்கிளும் செய்தார்கள். அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்பதன் காரணம் அதுவே. 1949-இல் சென்னைக்கு அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1951-இல் சோனேப்பட்டில் அட்லஸ் தோன்றியது. 1956-இல் லூதியானாவில் ஹீரோ எழுந்தது. இவற்றில் அட்லஸின் கடைசி ஆலை 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அந்நாள் உலக மிதிவண்டி நாள் என்பதை நினைக்கும்போது வருத்தத்தோடு சிரிப்பும் வருகிறது.

இவ்வண்டிகள் ஆயிரக்கணக்கில் தொழிலாளர் வீடுகளுக்குள் புகுந்தன. சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடவும், ரேஷன் மூட்டை ஏற்றவும், பிள்ளையைப் பள்ளியில் இறக்கவும் ஒரே வண்டிதான். குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொள்ளாத சிறுவன் எந்தத் தமிழர் குடியிருப்பில் இருந்தான்? மோட்டார் வாகனம் வந்த பிறகு அந்த வண்டி கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. கடைக்காரர் அதைத் தராசில்தான் பார்க்கிறார். அது நல்ல ஃபிரேமா, வளைந்த ஃபிரேமா என்பது அவருக்கு வேண்டாத விஷயம். அப்படித் தராசில் ஏறும் வண்டிகளில் எத்தனையோ இன்னும் அரை நூற்றாண்டு ஓடத் தக்கவை என்பது என் அபிப்பிராயம். தங்கவயலில் இதைச் சொல்வதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. சுரங்கப் பட்டறைகளில் பிட்டர் வேலையும் பற்றவைப்பு வேலையும் பார்த்த கைகளால் வளர்ந்த ஊர் அது. 1964-இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை அங்கே இன்றும் கனரக யந்திரங்களைச் செய்கிறது. புல்டோசர் செய்கிற ஊரில் சைக்கிளுக்கு ஒரு பிடிப்புப் பற்றவைக்க ஆள் கிடைக்காமல் போகாது.

எஃகு ஃபிரேமின் பெருமை யாதெனில், அதை மாற்றலாம் என்பதே. அலுமினியக் குழாயை வளைத்து விரித்தால் அது உள்ளே களைத்து, ஒருநாள் சொல்லாமல் ஒடியும். எஃகு அப்படியன்று, அளவோடு விரித்தால் விரிந்த இடத்தில் நிற்கும். பழைய ஐந்து பல்சக்கரப் பந்தய வண்டியில் பின் ஹப் உட்காரும் இடைவெளி 120 மில்லிமீட்டர். ஆறு பல்சக்கரத்துக்கு அது 126 ஆயிற்று. எட்டு வந்தபோது 130. ஐரோப்பியப் பட்டறைக்காரர்கள் 126 உள்ள ஃபிரேமை 130 ஆக்குவதற்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் மெல்ல விரித்து, இரு காதுகளையும் மறுபடி இணையாகத் திருத்திக்கொள்வார்கள். நெருப்பு வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன் வண்டி நேராக இருக்கிறதா என்று அறிய வேண்டும். இதற்குப் பழைய தொழிலாளிகள் கையாண்ட உபாயம் ஒரு நூல்தான். பின் அச்சு உட்காரும் ஒரு காதில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார் நுழையும் முன்குழாயைச் சுற்றி, மறு காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுவர். இருபுறமும் நூலுக்கும் இருக்கைக் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். இரண்டும் ஒத்திருந்தால் ஃபிரேம் நேர். அடுத்தபடியாகப் பெடல் அச்சு உட்காரும் கூட்டைத் திறந்து உட்புறத் துருவைப் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்குவது அங்கேதான். குழாய்கள் சேரும் மூட்டுகளில் பெயிண்ட் மயிரிழையாகப் பிளந்திருந்தால் அதன் கீழே எஃகும் பிளந்திருக்கக் கூடும். அத்தகைய ஃபிரேமை இரக்கம் பாராமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

இனி, சக்கரம். சேற்றுக்கு அகலமான டயர் வேண்டும்; அதைச் சுற்றிச் சேறு வழிந்தோட இடமும் வேண்டும். இன்றைய சர்வதேசப் பந்தய விதி டயரின் அகலத்தை 33 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. ஆங்கிலப் பந்தய ஃபிரேம்களில் இந்த இடத்துக்குத்தான் பஞ்சம். அங்கே ஓர் எளிய தந்திரம் உண்டு. 27 அங்குலம் என்று வழங்கிய பழைய பந்தயச் சக்கரத்தின் ரிம், டயர் அமரும் இடத்தில் 630 மில்லிமீட்டர் விட்டமுடையது. இன்று வழங்கும் 700 என்ற அளவின் ரிம் 622. மாற்றிவிட்டால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. அந்த நான்கு மில்லிமீட்டரில்தான் பல வண்டிகள் சாலையைவிட்டு இறங்கின.

நம் நாட்டுப் பெரிய கறுப்பு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. 28-க்கு ஒன்றரை என்று நாம் சொல்லும் டயர் சுமார் 40 மில்லிமீட்டர் அகலம். அதன் மட்கார்டைக் கழற்றிவிட்டால் சேறு தாராளமாகப் போய்வரும். மண்பாதையை எண்ணியே செய்த வண்டி ஆதலால் அது பிறவியிலேயே பாதி தூரம் நடந்து வந்திருக்கிறது. எனினும் அதன் முன்குழாய் மிகவும் சாய்ந்தது, வண்டி நீளம், எடை 20 கிலோவுக்கு அருகில். தோளில் தூக்கி ஓடுபவருக்கு அந்த எடை முதல் மேட்டிலேயே புத்தி சொல்லும். கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், மட்கார்டு, டைனமோ விளக்கு எல்லாவற்றையும் கழற்றுவது முதல் வேலை. எஃகு ரிம்முக்குப் பதில் அலுமினிய ரிம் போடுவது இரண்டாவது. ஆனால் இங்கே ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். கறுப்பு வண்டியின் கம்பி பிரேக் ரிம்மின் உட்புறத்தைக் கீழிருந்து மேலே இழுத்துப் பிடிப்பது; புது ரிம்மின் வடிவுக்கு அது பொருந்தாது. பக்கவாட்டில் கவ்வும் பிரேக்கு வேண்டும். ரிம் 635-இலிருந்து 622 ஆகும்போது பிரேக்குக் கட்டை ஆறரை மில்லிமீட்டர் கீழே எட்ட வேண்டும். ஆகையால் நீண்ட கையுள்ள பிரேக்கைத் தேட வேண்டியிருக்கும்.

எஸ்.எல்.ஆர். என்ற பெயரில் நம் இளைஞர்கள் ஆசைப்பட்ட ஒல்லியான வண்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் சக்கரம் 26-க்கு ஒன்றே முக்கால் அரைக்கால் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 26-க்கு ஒன்றேகால் அரைக்கால் என்பதே சரி. அதன் ரிம் 590 மில்லிமீட்டர். இன்றைய மலைச் சைக்கிளின் சக்கரத்தையும் கடையில் 26 என்றே சொல்வார்கள். ஆனால் அதன் ரிம் 559. பெயரை நம்பி வாங்கியவர் வீட்டுக்கு வந்து பார்த்தால் பிரேக்குக் கட்டை காற்றைக் கவ்விக்கொண்டிருக்கும். மேலும் வண்டி தாழ்ந்து, பெடல் கல்லில் இடிக்கும்.

சேற்றில் பிரேக்கு ஓர் உயிர் விஷயம். எஃகு ரிம் நனைந்துவிட்டால் பிடிப்பு மிகவும் குறைந்துபோகும் என்பதை மழையில் இறக்கத்தில் வந்த அனைவரும் அறிவார்கள். ஃபோர்க்கின் இரு கால்களிலும் சிறு முளைகளைப் பற்றவைத்து, அவற்றில் தனித்தனிக் கைகளை மாட்டும் பிரேக்கு இதற்காகவே ஐரோப்பாவில் வழக்கத்துக்கு வந்தது. பிரான்சு நாட்டு மஃபாக் கம்பெனியார் செய்தவை நெடுங்காலம் புகழோடு விளங்கின. டயருக்கு மேலே சேறு அடைவதற்கு அதில் குறுக்குப் பாலம் இல்லை. அந்த முளைகளைப் பற்றவைப்பது அனுபவசாலியின் வேலை. மெல்லிய குழாயை அதிகம் காய்ச்சினால் அதன் வலு போய்விடும். 1935-இல் வெளிவந்த ரெனால்ட்ஸ் 531 போன்ற உயர்ந்த குழாய்களில் பித்தளையோ வெள்ளியோ கொண்டு இதமான சூட்டில்தான் பற்றவைப்பார்கள். பட்டறையில் கேட்டுக்கு வெல்டிங் வைப்பதுபோல் மின்பொறி பாய்ச்சினால் அந்த ஃபிரேமுக்கு அன்றே முடிவு.

பல்சக்கரக் கணக்கு எளிது. முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒருமுறை சுற்றினால் பெரிய வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். பின்னே 22 பல் ஃப்ரீவீல் போட்டால் சுமார் நாலரை மீட்டர்தான் போகும். ஆனால் மேட்டில் முழங்கால் நன்றி சொல்லும். சைக்ளோகிராஸில் வேகத்தைவிட நில்லாமல் உருள்வதே பெரிது. கியர் மாற்றும் கருவி இல்லாத ஒற்றைப் பல்சக்கரத்தைப் பழிக்க வேண்டாம். சேற்றில் கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்; தேய்ந்த பின் முதலில் ஆடும், பிறகு ஒடியும். பிரேக்குக் கேபிளைக் குறுக்குக் கம்பியின் கீழே விடாமல் மேலே கொண்டுபோவார்கள். ஏனென்றால் தோளில் சுமக்கும்போது கீழ்ப்புறம்தான் உடம்பில் பதியும். ஆடம்பரம் போலத் தோன்றும் இத்தகைய சிறு மாறுதல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் உரசிய தோள் இருக்கிறது.

சக்கரத்தைக் கோர்த்துக் கோட்டம் எடுப்பது கடைசி வேலை. இது இன்னும் நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் மறையாமல் இருக்கும் கலை. போக்ஸ் கம்பியை விரலால் தட்டி, ஓசையைக் கேட்டே எது தளர்ந்தது என்று சொல்லும் மிஸ்திரிகள் இருக்கிறார்கள். அத்தகையவர் ஒருவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதிருப்பது நன்று.

வண்டி தயாராகிவிட்டது. தங்கவயலில் அதை எங்கே ஓட்டுவது? சயனைடு மேடுகளைக் கண்டதும் இளைஞர்களுக்கு அதன்மேல் ஏறி இறங்கத் தோன்றும். பார்வைக்கு அதைவிடச் சிறந்த பந்தயக்களம் இல்லை. ஆனால் அதைச் செய்யக் கூடாது என்றே நான் சொல்வேன். அந்த மண் வெறும் மண் அன்று; ஆலையில் அரைபட்ட பாறையின் நுண்பொடி. காற்றில் எழும் அந்தத் தூசு நுரையீரலுக்குள் போய்த் தங்கக் கூடியது. பாறைத் தூசு நெஞ்சில் படிந்து உண்டாகும் நோய் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் புதிய பெயர் அன்று. தாத்தா ஆழத்தில் சுவாசித்ததைப் பேரன் மேட்டின்மேல் விளையாட்டாகச் சுவாசிக்க வேண்டியதில்லை. தவிர, மழை அறுத்த ஓரங்கள் பார்ப்பதற்குத் திடமாக இருந்து, சக்கரம் ஏறியதும் சரியும். பழைய சுரங்க வாய்களின் அருகேயும் போகலாகாது.

மேடுகளை விட்டு விலகிக் கிழக்கே போனால், பாலாற்றை மறித்து நிற்கும் பேத்தமங்கலம் ஏரி இருக்கிறது. தங்கவயலின் குழாய்களுக்குத் தண்ணீர் தந்த ஏரி அது. அந்தப் பக்கம் வயலோர வண்டித்தடங்களும், கரைமேடுகளும், இறங்கித் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டிய ஓடைகளும் உண்டு. முதல் மழை பெய்து மண் அமர்ந்த பிறகு, காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் தூசும் இல்லை, வெயிலும் இல்லை. டயரில் காற்றைச் சாலைக்கு அடிப்பதைவிடக் குறைத்து அடித்துக்கொண்டு, கைப்பம்பு ஒன்றையும் பஞ்சர் ஒட்டும் சாமானையும் பையில் போட்டுக்கொண்டு புறப்படலாம். சீமைக்கருவேல முள் அந்த வட்டாரத்திலும் குறைவில்லை.